ஓட்டில்லாத சிப்பாய்

2024 ஜூன் 4-ந் தேதி பாராளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்தன. 2019-ல் 303 இடங்களைப் பிடித்திருந்த பாரதீய ஜனதா 240 இடங்களுக்கு இறங்கியது. தோழமைக் கட்சிகளின் தயவால் 293 ஆகி ஆட்சி அமைந்தது. இறங்கியதற்கு அவரவர் ஒரு காரணம் சொன்னார்கள். விலைவாசி என்றார் ஒருவர். வேலையில்லாத் திண்டாட்டம் என்றார் இன்னொருவர். வடமாநிலங்களில் அடிக்கடி அடிபட்ட காரணம் ஒன்று உண்டு. அது 'அக்னிபத்' என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம்.

பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஹரியானாவில் ஆளும் கட்சி 10 இடங்களிலிருந்து 5-க்கு வந்தது. ராஜஸ்தானில் 24-லிருந்து 14-க்கு வந்தது. இதற்கெல்லாம் அக்னிபத் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அதே ஹரியானாவில் 2024 அக்டோபரில் நடந்த சட்டசபைத் தேர்தலில் அதே கட்சி 48 இடங்களுடன் வென்றது. ஆனாலும் முடிவு வெளியான இரண்டாவது நாளே, 12 எம்.பி.க்களை வைத்திருந்த ஐக்கிய ஜனதா தளம் 'அக்னிபத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்' என்று கேட்டது. ஓட்டுப் போட்டவன் குரல் டில்லிக்குக் கேட்கிறது என்பதற்கு இது அடையாளம்.

அதே திட்டத்தால் அடிபட்ட இன்னொருவன் இருக்கிறான். அவன் குரல் எந்தப் பெட்டியிலும் விழவில்லை. எந்தக் கட்சியும் அவனுக்காகப் பெரிதாக மறுபரிசீலனை கேட்கவில்லை. அவன் இந்திய ராணுவத்தில் சேர்ந்து இந்தியக் கொடிக்கு சல்யூட் அடிக்கும் நேபாளக் குடிமகன். கூர்க்கா சிப்பாய்.

'பகதூர்' என்ற ஒரே பெயர்

தமிழர்களுக்குக் கூர்க்கா என்றால் இரவுக் காவல்காரர். தடியைத் தரையில் தட்டி, விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றுவார். மாதம் பிறந்தால் வாசலில் வந்து சலாம் போட்டுக் காசு வாங்கிப் போவார். மும்பையில் செம்பூர், மாதுங்கா பக்கத்துக் கட்டடங்களில் அவரை எல்லோரும் 'பகதூர்' என்றே கூப்பிடுகிறார்கள். அவருடைய பெயர் என்ன, ஊர் எது என்று கேட்பவர்கள் குறைவு. மதராஸி என்ற ஒரே சொல்லில் திருநெல்வேலிக்காரரையும் வேலூர்க்காரரையும் அடக்கிவிடும் ஊரில் இது அதிசயமில்லை.

காவல்காரர் எல்லோரும் பட்டாளத்துக்காரர் அல்ல. கூர்க்கா எல்லோரும் நேபாளியும் அல்ல. டார்ஜிலிங்கிலும் டேராடூனிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் கூர்க்காக்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டு. இங்கே சொல்ல வருவது எல்லைக்கு அப்பால், நேபாளத்து மலைக் கிராமங்களிலிருந்து வந்து சேரும் இளைஞர்களைப் பற்றி.

அன்னிய நாட்டாரை ராணுவத்தில் சேர்ப்பதை இந்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 11-வது பிரிவு, மத்திய அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் குடிமகன் அல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது. அதே பிரிவு, இந்தத் தடை நேபாளத்தவரைச் சேர்ப்பதற்குக் குறுக்கே நிற்காது என்றும் சொல்கிறது. வேறெந்த நாட்டாருக்கும் அந்தச் சட்டத்தில் இப்படியொரு வாசல் திறந்து வைக்கப்படவில்லை.

மூன்று சர்க்கார்களின் ஒப்பந்தம்

இந்தக் கதை இருநூறு வருஷத்துக் கதை. 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளத்தோடு சண்டை போட்டது. எதிரியின் சிப்பாய்கள் சண்டை போட்ட விதத்தைப் பார்த்த வெள்ளைக்காரன், சண்டை முடிவதற்கு முன்பே 1815-ல் அவர்களைத் தன் பட்டாளத்தில் சேர்க்கத் தொடங்கினான். அதற்கும் முன்னால் நேபாளத்து இளைஞர்கள் லாகூருக்குப் போய் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்ததுண்டு. அதனால்தான் வெளிநாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவனை நேபாளத்தில் இன்றும் 'லாஹுரே' என்கிறார்கள்.

1947-ல் சுதந்திரம் வந்தபோது பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகள் இருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 9-ந் தேதி இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் காட்மாண்டுவில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 1, 3, 4, 5, 8, 9 என்ற ஆறு ரெஜிமெண்டுகள் இந்தியாவுக்கு. மீதி நான்கு பிரிட்டனுக்கு. 1948-ல் இந்தியா 11-வது கூர்க்கா ரெஜிமெண்டை உண்டாக்கியது. ஆக, இந்தியாவுக்கு ஏழு.

உடன்பாட்டின் சாரம் இதுதான். பதவி உயர்விலும் நலத்திலும் மற்ற வசதிகளிலும் கூர்க்கா சிப்பாயை அந்தந்த ராணுவத்தின் மற்ற சிப்பாய்களுக்குச் சமமாக நடத்த வேண்டும். கூலிப்படை என்ற கெட்ட பெயர் தங்கள் மக்கள் மேல் விழக் கூடாது என்பதிலும் நேபாளம் அப்போதே கவனமாக இருந்தது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் நிலையங்கள் கோரக்பூர் அருகே குன்ராகாட்டிலும், டார்ஜிலிங் அருகே கூமிலும் அமைந்தன. ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் கொடுக்க காட்மாண்டு, பொக்கரா, தரான் ஆகிய மூன்று ஊர்களில் இந்திய அரசே அலுவலகங்கள் வைத்தது. சுமார் 30 ஆயிரம் நேபாளிகள் இந்தியப் பட்டாளத்தில் இருந்து வந்தார்கள். ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் லட்சத்துக்கும் மேல்.

ஊரிலிருந்து வரும் மணியார்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மார் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையில் விளைவது கொஞ்சம். தொழிற்சாலை கிடையாது. ஒரு பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தால் பதினைந்து வருஷமாவது சம்பளம் வரும். அதன்பிறகு சாகும்வரை பென்ஷன் வரும். அவன் போன பிறகும் மனைவிக்குப் பாதியாவது வரும். தம்பி படிப்பான். தங்கைக்குக் கல்யாணம் நடக்கும். ஒரு கிராமத்தின் வரவு செலவு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு வருஷ வேலை

2022 ஜூன் 14-ந் தேதி அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சேரும் வயது பதினேழரையிலிருந்து 21. வேலை நாலு வருஷம். அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. காண்டிராக்ட் வேலை என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப் பேருக்கு அனுபவத்தில் தெரியும். பட்டாளத்துக்கும் அது வந்துவிட்டது.

இந்திய இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. பீகாரில் ரயில்கள் எரிந்தன. ஜூன் 17-ந் தேதி செகந்திராபாத் ஸ்டேஷனில் கலவரம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். ரயிலைக் கொளுத்துவது எந்த வகையிலும் நியாயமாகாது. அதில் போகிறவனும் ஏழைதான். ஆனால் சர்க்கார் உடனே அசைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டே நாளில், அந்த ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பு 23 ஆனது. நாலு நாளில், மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் பத்து சதவீத ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. மாநில அரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு வேலை தருவதாக வாக்களித்தன. 2024 தேர்தலில் காங்கிரஸ் இந்தத் திட்டத்தையே ரத்து செய்வதாகச் சொன்னது.

இதெல்லாம் ஓட்டு உள்ளவனுக்கு. நேபாளத்து இளைஞனுக்கு என்ன கிடைத்தது?

கொரோனா வந்த 2020-ல் நின்ற ஆள்சேர்ப்பு, 2022 ஆகஸ்டு மாதம் புட்வல், தரான் ஊர்களில் மறுபடி தொடங்குவதாக இருந்தது. புதிய திட்டம் 1947 உடன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை, எல்லாக் கட்சிகளையும் கலந்து பேச வேண்டும், அதுவரை தள்ளி வையுங்கள் என்று நேபாள அரசு கேட்டுக்கொண்டது. துப்பாக்கி பிடிக்கக் கற்ற இளைஞர்கள் 21, 22 வயதில் வேலையில்லாமல் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்ற கவலை அங்கே இருந்தது. பத்து வருஷ உள்நாட்டுச் சண்டையைப் பார்த்த நாட்டுக்கு அந்தக் கவலை வந்ததில் ஆச்சரியமில்லை. தள்ளி வைத்தது தள்ளி வைத்தபடியே கிடந்தது. 2025 முடியும் வரை நேபாளத்திலிருந்து புதிதாக ஒரு சிப்பாயும் சேரவில்லை.

மூடச் சொன்னவர் யார், மூடியது யார்?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கூர்க்கா ஆள்சேர்ப்பு நிலையங்களை மூட வேண்டும் என்பது நேபாள மாவோயிஸ்டுகளின் பழைய கோரிக்கை. 1996 பிப்ரவரியில் ஆயுதம் எடுப்பதற்கு முன் அவர்கள் சர்க்காரிடம் கொடுத்த 40 அம்சப் பட்டியலில் அதுவும் ஒன்று. தன் நாட்டுப் பிள்ளைகளை அடுத்த நாட்டின் சண்டைக்கு அனுப்புவது மானக்கேடு என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைக் கேலி செய்ய முடியாது. மானமுள்ள எந்த நாட்டிலும் அப்படிச் சிலர் கேட்கத்தான் செய்வார்கள்.

2008 ஏப்ரல் 10-ந் தேதி அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்தது. அதே மாவோயிஸ்டுகள் 220 இடங்களைப் பிடித்து முதல் பெரிய கட்சியானார்கள். மே 28-ந் தேதி மன்னராட்சி ஒழிந்தது. ஆகஸ்டில் பிரசந்தா பிரதமரானார். 240 வருஷத்து ராஜ்யத்தை ஒரே நாளில் மூட முடிந்தவர்களால் ஆள்சேர்ப்பு நிலையத்தை மூட முடியவில்லை. அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்த பாபுராம் பட்டராயும் 2011-ல் பிரதமரானார். பிரசந்தா 2016-லும் 2022-லும் மறுபடி அந்த நாற்காலிக்கு வந்தார். எவரும் மூடவில்லை.

ஏன்? மூடினால் அந்தப் பையனுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மேடையில் பேசுவது வேறு. மலைக் கிராமத்துக்குப் போய், 'உன் பிள்ளைக்கு வந்த உத்தியோகத்தை நிறுத்திவிட்டேன்' என்று சொல்வது வேறு. கடைசியில் காட்மாண்டுவின் புரட்சி செய்யாததை டில்லியின் நாலு வருஷத் திட்டம் செய்து முடித்தது.

இரண்டு ஊரிலும் ஓட்டில்லை

பனி மலையில் ஒரே பதுங்கு குழியில் இரண்டு சிப்பாய்கள் காவல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே பட்டாலியன். ஒருவர் டார்ஜிலிங்காரர், மற்றவர் நேபாளத்துப் பொக்கரா பக்கத்துக்காரர். தேர்தல் வந்தால் டார்ஜிலிங்காரருக்குத் தபால் ஓட்டு வரும். பொக்கராக்காரருக்கு வராது. அது சட்டப்படி சரிதான். குடிமகனுக்குத்தான் ஓட்டு. 1950-ம் ஆண்டு இந்திய-நேபாள நட்புறவு ஒப்பந்தம் அவர் இங்கே தங்கவும் தொழில் செய்யவும் இடம் கொடுத்தது. ஓட்டுக் கொடுக்கவில்லை.

சரி, சொந்த நாட்டில்? வெளிநாட்டில் இருக்கும் நேபாளிகளுக்கும் ஓட்டுப் போட வசதி செய்ய வேண்டும் என்று 2018-ல் நேபாள உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அந்த வசதி வரவில்லை. லீவு கிடைத்து ஊருக்குப் போனால் உண்டு. இல்லையென்றால் இல்லை. எந்த சர்க்கார் போகச் சொன்னால் அவர் சண்டைக்குப் போகிறாரோ அந்த சர்க்காரை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த சர்க்கார் அவர் சார்பில் ஒப்பந்தம் பேசுகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கஷ்டம்.

1987-லிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையிலும் கூர்க்காக்கள் இருந்தார்கள். அந்தப் படை போனது சரியா தவறா என்பதில் தமிழர்களுக்குள் மாறுபட்ட கருத்துகள் உண்டு. அங்கே தமிழ் மக்கள் பட்ட துன்பம் மறக்கக் கூடியதல்ல. அந்தப் படையை அனுப்பிய முடிவில் நேபாளத்துச் சிப்பாய்க்கு ஒரு ஓட்டின் அளவுகூடப் பங்கில்லை என்பதும் உண்மை. உத்தரவு வந்தது, போனார்.

லண்டனில் நடந்தது

ஓட்டில்லாதவனுக்கும் நியாயம் கிடைக்க வழியுண்டு என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். 1997-க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களில் பெரும்பாலோருக்கு அந்நாட்டில் குடியேற உரிமை இல்லாதிருந்தது. நடிகை ஜோனா லம்லி அவர்களுக்காகக் களத்தில் இறங்கினார். அவர் தகப்பனார் கூர்க்கா ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்தவர். 2009 ஏப்ரல் 29-ந் தேதி பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. சர்க்கார் தரப்பு 246-க்கு 267 என்று தோற்றது. ஆளும் கட்சியிலேயே சிலர் எதிர்த்து ஓட்டளித்தார்கள். மூன்றே வாரத்தில், நாலு வருஷம் வேலை பார்த்த கூர்க்கா எவரும் குடியேறலாம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் வர இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய சிப்பாய்களின் பென்ஷன் வித்தியாசம் அதோடு தீரவில்லை. 2021-லும் அவர்கள் பிரதமர் வீட்டு வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆனாலும் அங்கே ஓட்டுள்ளவர்கள் ஓட்டில்லாதவருக்காகப் பேசினார்கள். இந்தியாவில் அப்படிப் பேசியவர் யார்? ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் சிலர் எழுதினார்கள். அரசியல் கட்சிகளின் வாயிலிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை.

அடைத்த வாசலும் திறந்த வாசலும்

ஒரு வாசலை அடைத்தால் வயிறு சும்மா இருக்காது. 2023-ல் நேபாளத்து இளைஞர்கள் ரஷ்யப் பட்டாளத்தில் சேர்ந்து உக்ரேன் போர்முனைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் ஆறு பேர் இறந்ததாக நேபாள அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் வேலைக்குப் போக அனுமதி தருவதையே நிறுத்தியது. இந்தியர்கள் சிலரும் ஏஜெண்டுகளின் பேச்சை நம்பிப் போய் அங்கே மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோ சென்றபோது அவர்களை விடுவிக்கும்படி பேச வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்த நேபாளிக்கு எழுதிய ஒப்பந்தம் இருந்தது. மாதம் தவறாத சம்பளம் இருந்தது. கை கால் போனால் ஆஸ்பத்திரி இருந்தது. ஏஜெண்டு கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு இறந்தால் உடல் ஊர் வந்து சேருமா என்பதே சந்தேகம். அன்னிய நாட்டானைப் பட்டாளத்தில் சேர்ப்பது பாவமா புண்ணியமா என்று வாதம் செய்வதைவிட, எந்த விதிகளோடு சேர்க்கிறார்கள் என்று பார்ப்பதே அவனுக்கு உதவும்.

'நம் பிள்ளைகளுக்கே வேலையில்லை, அயலானுக்கு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1947-ல் வாக்குக் கொடுத்தது இந்தியா. அந்த வாக்கை நம்பி இந்தியாவின் எல்லாப் போர்களிலும் உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். ஊட்டியில் அடக்கமாகி இருக்கும் பீல்ட் மார்ஷல் மானெக்ஷா 8-வது கூர்க்கா ரெஜிமெண்டைத் தன் சொந்தக் குடும்பமாக நினைத்தவர். கார்கிலில் 1999-ல் மறைந்து பரம் வீர் சக்கரம் பெற்ற மனோஜ் பாண்டே 11-வது கூர்க்கா ரெஜிமெண்டின் அதிகாரி. அவர் பின்னால் மலை ஏறியவர்கள் கூர்க்காச் சிப்பாய்கள். 'இனி வேண்டாம்' என்று இந்தியா முடிவு செய்யலாம். அதற்கு உரிமை உண்டு. பேசாமல் கொள்ளாமல் காலத்தைக் கடத்தி அந்த முடிவுக்கு வருவது மரியாதை இல்லை.

'அயலான்' என்ற சொல்லை எடுக்கும்போது மும்பைத் தமிழர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1960-களில் இதே நகரத்தில் தென்னிந்தியரைப் பார்த்து அந்தச் சொல் வீசப்பட்டது. இந்தியக் குடிமகனாக இருந்தும் வீசப்பட்டது. இன்றைக்கும் ஊரில் ஓட்டு, பிழைப்பு இங்கே என்று இருக்கும் தமிழர் ஆயிரக்கணக்கில் உண்டு. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு டிக்கெட் கிடைத்தால் ஓட்டு, கிடைக்காவிட்டால் இல்லை. வெளியூரில் இருந்தபடியே ஓட்டுப் போட ஒரு யந்திரத்தைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்டியது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 தேர்தலுக்கு அது வரவில்லை. ஓட்டுக் கைக்கு எட்டாதவன் நிலை என்னவென்று தெரிந்தவர்கள், இரண்டு ஊரிலும் ஓட்டுக்கு வழியில்லாதவன் நிலையையும் தெரிந்துகொள்வார்கள்.

செய்ய வேண்டியது

இந்தியாவும் நேபாளமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். காட்மாண்டுவில் சர்க்கார் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது தள்ளிப் போடச் சொல்லும் சாக்கு. 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியில் ஓலி பதவி விலகினார். அங்கே எந்தத் தேர்தலில் யார் வென்றாலும் வேலையில்லாத இளைஞன் அப்படியே நிற்பான். அவனைப் பற்றிப் பேசாமல் எந்த சர்க்காரும் நிலைக்காது என்பதை அந்தக் கிளர்ச்சியே சொல்லிவிட்டது.

நேபாளச் சிப்பாய்களுக்கு மட்டுமாவது பழைய முறைப்படி பதினைந்து வருஷ வேலையும் பென்ஷனும் கொடுக்க முடியுமா என்று இந்தியா யோசிக்க வேண்டும். சிறு எண்ணிக்கைதான். கஜானா காலியாகிவிடாது. இந்தியப் பிள்ளைக்கு நாலு வருஷம், நேபாளிக்குப் பதினைந்தா என்ற கேள்வி எழும். எழட்டும். இரண்டு பேருக்கும் பென்ஷன் உள்ள வேலை வேண்டும் என்று கேட்பதுதான் அதற்கு நேரான பதில். ஒருவனுக்கு இல்லாததை மற்றவனிடமிருந்தும் பறிப்பது தொழிலாளிக்குத் தெரிந்த நியாயமல்ல.

நேபாள அரசும் ஒரு முடிவுக்கு வரவேண்டும். பிள்ளைகளை அனுப்புவதா, வேண்டாமா? அனுப்புவதென்றால் விதிகளைப் பேசி எழுதி வாங்க வேண்டும். வேண்டாமென்றால் ஊரிலே வேலை காட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் இருந்ததால்தான் பையன்கள் ஏஜெண்டு வீட்டு வாசலில் நின்றார்கள்.

முதல் அக்னிவீரர்கள் 2023 ஜனவரியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நாலு வருஷம் 2026 கடைசியில் நிறைகிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் ஊர் திரும்பும்போது இந்தத் திட்டம் மறுபடி பேச்சுக்கு வந்தே தீரும். அப்போது டில்லியில் போடும் மேஜையில், குன்ராகாட்டுக்கு வர முடியாமல் நிற்கும் நேபாளத்துப் பையனுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அவனுக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டு உள்ளவர்கள்தான்.